இலையுடலியின் திசை: சிங்கி இறால் இளவுயிரிகளும் கடல் நீரோட்டமும்

1928 முதல் 1930 வரை உலகைச் சுற்றிவந்த டென்மார்க் நாட்டு ஆய்வுக்கப்பல் ‘டானா’ இந்தியப் பெருங்கடலைக் கடந்தபோது, அதன் வலைகளில் கண்ணாடித் தகட்டைப் போன்ற உயிரிகள் சிக்கின. உடல் இலைபோல் தட்டையானது. கால்கள் நூல்போல் நீண்டவை. காம்பு முனையில் அமர்ந்த கண்களைத் தவிர உடல் முழுவதும் ஒளி ஊடுருவும். வாளியில் இட்டால் நீரா உயிரா என்று பிரித்தறிவது கடினம். பயணத்தின் தலைவர் யோஹான்னஸ் ஷ்மிட் விலாங்கு மீனின் பிறப்பிடத்தைத் தேடிப் புகழ்பெற்றவர். இந்தத் தகடுகள் அவருடைய முதன்மைக் கேள்வியில் இடம்பெறவில்லை. அவை புட்டிகளில் அடைபட்டுக் காத்திருந்தன. அவற்றைப் பற்றிய விரிவான ஆய்வுரை 1975இல் வெளிவந்தது. எழுதியவர்கள் ரகு பிரசாத், பி.ஆர்.எஸ். தம்பி, எம்.ஜே. ஜார்ஜ் ஆகிய மூன்று இந்திய மீன்வள அறிவியலாளர்கள். முதல் இருவரும் 1950களிலேயே மண்டபம் கடற்பகுதியில் கிடைத்த இதே வகை உயிரிகளை விவரித்து வெளியிட்டிருந்தனர்.

இந்த உயிரி சிங்கி இறாலின் இளவுயிரி. அறிவியல் பெயர் ஃபில்லோசோமா, அதாவது இலையுடலி. தாய், கரையோரப் பாறை இடுக்கிலோ சேற்றுத் தரையிலோ வாழ்வது. குஞ்சு, அடித்தரை கண்ணுக்கு எட்டாத ஆழ்கடலின் மேல்நீரில் மாதக்கணக்கில் மிதப்பது. கரையைவிட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் அகப்பட்ட ஓர் இலையுடலியைக் கையில் வைத்திருப்பவருக்கு எழும் கேள்வி எளிமையானது: இது வழிதவறியதா, வழியில் இருப்பதா? இக்கேள்விக்குத் தரப்பட்ட விடைகள் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. குஞ்சுகள் நீரோட்டத்தில் கலந்து எங்கோ போய்விடுகின்றன என்றால், இந்தக் கரையில் முட்டை சுமக்கும் தாயைக் காப்பதால் இந்தக் கரைக்கு என்ன பயன்? எங்கிருந்தோ வரும் குஞ்சுகள் நம் கடலை நிரப்பும் என்றால், இருப்பதை அள்ளிவிடுவதில் என்ன இழப்பு? மீன்வள மேலாண்மையின் அடிப்படைக் கேள்விகளான இவையிரண்டும் ஒரு சில சென்டிமீட்டர் அளவுள்ள உயிரியின் நீச்சல் திறனைப் பற்றிய ஊகத்தின் மீது நின்றன.

அந்த ஊகத்தின் வரலாறு, இளவுயிரியை இளவுயிரி என்றே அறியாதிருந்த காலத்தில் தொடங்குகிறது. 1802இல் பிரெஞ்சு இயற்கையியலர் போஸ்க், கடல்நீரில் கண்ட முள் நீண்ட நுண்ணுயிரிக்குச் ‘சோயியா’ என்று தனிப் பேரினப் பெயர் சூட்டினார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் வில்லியம் லீச், ‘மெகலோபா’, ‘ஃபில்லோசோமா’ என்னும் மேலும் இரண்டு பேரினங்களை ஏற்படுத்தினார். மூன்றும் முதிர்ந்த விலங்குகளாகவே பட்டியலில் இடம்பெற்றன. நண்டின் மழலையும் சிங்கி இறாலின் மழலையும் தம் தாயோடு எந்த உறவும் இல்லாத தனிக்குலங்களாக நூல்களில் வாழ்ந்தன. கரையில் கிடைப்பதும் கடலில் கிடைப்பதும் வேறு வேறு கைகளுக்குச் சென்ற காலம் அது. அவற்றை ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பே அரிது.

அந்த மேசை அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் அமைந்தது. ஜான் வாகன் தாம்சன் பிரிட்டிஷ் படையின் மருத்துவர். மொரீஷியஸ், மடகாஸ்கர் பகுதிகளில் பணியாற்றிவிட்டு 1816இல் கார்க் வந்து சேர்ந்தவர். மெல்லிய துணியாலான வலையைப் படகின் பின்னால் இழுத்துக் கடல்நீரின் நுண்ணுயிர்களைச் சேகரிக்கும் முறையை முதன்முதலில் கையாண்டவர்களில் ஒருவர். டார்வின் ‘பீகிள்’ கப்பலில் அவ்வாறு வலை இழுத்தது இதற்குப் பின்னர்தான். 1820களின் தொடக்கத்தில் தாம்சன் துறைமுகத்தில் பிடித்த சோயியாக்களைக் கண்ணாடிக் கலத்தில் வைத்துக் காத்திருந்தார். அவற்றில் ஒன்று சட்டை உரிக்க முயன்றபோது உள்ளிருந்து தெரிந்தது நண்டினத்துக்கு உரிய உடலமைப்பு. பின்னர் முட்டை சுமந்த நண்டைக் கலத்தில் வைத்துப் பொரிக்கவிட்டபோது வெளிவந்தவை சோயியாக்கள். இரு முனைகளும் சேர்ந்துவிட்டன. 1828இல் தம் ‘விலங்கியல் ஆய்வுகள்’ தொகுதியில் தாம்சன் இதை வெளியிட்டார்: நண்டினங்களும் பூச்சிகளைப்போல் உருமாற்றம் அடைகின்றன.

எதிர்ப்பு வலுவானது. ஜெர்மானியரான ராத்கே 1829இல் நன்னீர் நண்டு-இறாலின் கருவளர்ச்சியை மிக நுட்பமாக விவரித்திருந்தார். அதில் சோயியா நிலையே கிடையாது, குஞ்சு தாயின் சிற்றுருவாகவே வெளிவருகிறது. ஜே.ஓ. வெஸ்ட்வுட் 1835இல் ராயல் சொசைட்டியின் ஆய்வேட்டில், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த நில நண்டின் முட்டைகளையும் குஞ்சுகளையும் சான்றாகக் காட்டி, கிரஸ்டேசிய உயிரினங்களில் உருமாற்றம் என்பதே இல்லை என்று வாதிட்டார். தாம்சன் கலத்தில் கண்டதும் ராத்கே உருப்பெருக்கியில் கண்டதும் இரண்டுமே உண்மை. பிழை, ஓரினத்தில் கண்டதை எல்லாவற்றுக்கும் விதியாக்கியதில் இருந்தது. ஆற்றில் வாழும் விலங்கு மிதக்கும் குஞ்சை ஈன்றால் வெள்ளம் அதைக் கடலுக்கு அடித்துச் சென்றுவிடும். எனவே நன்னீர் இனங்கள் மிதவைப் பருவத்தை முட்டைக்குள்ளேயே முடித்துக்கொள்கின்றன என்பது பின்னாளில் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அதாவது அந்த விவாதத்தின் அடியில் ஓடிக்கொண்டிருந்ததும் நீரோட்டமே; விவாதித்தவர் எவரும் அதைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. தாம்சன் 1835இல் சிட்னிக்குச் சென்று கைதிகள் மருத்துவப் பணியில் அமர்ந்தார். 1847இல் அங்கேயே இறந்தார். நண்டின் உருமாற்றம் அதற்குப் பின் மெல்ல மெல்லப் பாடநூல் செய்தியாயிற்று.

இலையுடலிக்குத் தாய் கிடைக்க மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1850களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கார்ன்வாலிலும் பிரான்சிலும் சிங்கி இறால் முட்டைகளைப் பொரிக்கவைத்துப் பார்த்தவர்கள் ஃபில்லோசோமாவைக் கண்டனர். 1870இல் ஆன்டன் டோர்ன் முட்டைக்குள் இருக்கும் கருவையே ஆராய்ந்து ஐயத்தைத் தீர்த்தார். ஆனால் அது கதையின் முதல் முனை மட்டுமே. தகடுபோன்ற இலையுடலி உருண்டு திரண்ட சிங்கி இறாலாவது எப்படி? இடையில் ஒரு கண்ணி விடுபட்டிருந்தது. 1909இல் டபிள்யூ.டி. கால்மன், ‘பியூருலஸ்’ என்ற தனிப் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த சில சிற்றுருவங்கள் உண்மையில் சிங்கி இறால்களின் பிந்தைய இளநிலை என்று காட்டினார். ஒரு நூற்றாண்டு கழித்து வகைப்பாட்டியலர்கள் மீண்டும் அதே இடறலில் விழுந்திருந்தனர் என்பது சுவையான செய்தி. பியூருலஸ் வடிவத்தில் முழுச் சிங்கி இறால். நிறத்தில் இன்னும் கண்ணாடி. அது உணவு கொள்வதில்லை. இலையுடலிப் பருவத்தில் சேர்த்துவைத்த கொழுப்பை எரித்தபடி, கண்டத்திட்டின் விளிம்பிலிருந்து கரை நோக்கி நீந்துகிறது. மாதக்கணக்கில் மிதந்த உயிரி, கடைசிக் கட்டத்தில் நீச்சல்காரனாகிறது. வெறுமனே அடித்துச் செல்லப்படும் ஒன்றுக்கு இப்படியொரு பருவம் எதற்கு என்ற கேள்வி அன்றே எழுந்திருக்கலாம்.

எழவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் மிதவை உயிரி என்ற சொல்லே சிந்தனையைக் கட்டிப்போட்டது. மிதவை என்றால் தானாகத் திசை கொள்ளாதது. நீர் போகும் போக்கில் போவது. கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தில் மார்ட்டின் ஜான்சன் 1939இல் வெளியிட்ட கட்டுரை, நீரின் இயக்கத்தையும் கரைவாழ் உயிரினங்களின் இளவுயிரிப் பரவலையும் நேரடியாக இணைத்துப் பார்த்த தொடக்கக்கால முயற்சிகளுள் ஒன்று. அலையடிக்கும் மணலில் வாழும் எமெரிட்டா என்னும் மணல் நண்டின் குஞ்சுகள் கரையைவிட்டு வெகுதொலைவில் கிடைத்ததை அவர் நீரோட்ட வரைபடத்தோடு பொருத்திக் காட்டினார். டென்மார்க்கின் குன்னர் தார்சன் 1950இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுரை, தரைவாழ் கடல் உயிரினங்கள் அத்தனை முட்டைகளை இடுவதற்குக் காரணம் இளவுயிரிகளின் பேரழிவே என்று கணக்கிட்டது. இவர்களது தரவுகளில் குறையில்லை. ஆனால் அவற்றிலிருந்து ஒரு தலைமுறை வரைந்துகொண்ட சித்திரம், கடலில் வீசப்பட்ட விதையின் சித்திரம்: பல லட்சத்தில் ஒன்றிரண்டு தற்செயலாகக் கரை சேரும், மற்றவை வீண். ஜான்சன் இந்தச் சித்திரத்தோடு நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கலிபோர்னியச் சிங்கி இறாலின் இலையுடலிப் பருவத்தை 11 நிலைகளாகப் பிரித்தவர் அவர்; எந்த நிலை எந்த நீரில் கிடைக்கிறது என்று பார்த்து, எதிர்நீரோட்டங்களும் சுழல்களும் குஞ்சுகளைக் கரைக்கு அருகிலேயே தக்கவைக்கக்கூடும் என்ற எண்ணத்தையும் முன்வைத்தார்.

இந்தியாவின் மேற்குக்கரையில் குஞ்சுகள் திரும்பி வரும் என்பது நூலறிவுக்கு முந்தைய நடைமுறை அறிவு. கேரளத்தின் பொக்காளி வயல்களில் நெல் அறுவடை முடிந்தபின், ஏற்றநீர் ஏறும்போது மதகைத் திறந்து விளக்கைக் கட்டித் தொங்கவிடுவார்கள். கடலில் பிறந்து உப்பங்கழி தேடி வரும் இறால் குஞ்சுகள் ஒளியை நாடி உள்ளே புகும். இறக்கநீரின்போது மதகில் வலை கட்டி, வளர்ந்தவற்றைப் பிடிப்பார்கள். கடலுக்குப் போனது கழிக்குத் திரும்புகிறது, அதுவும் குறித்த வேலியேற்றத்தில், குறித்த இருளில் திரும்புகிறது என்பதை வைத்தே இந்த வேளாண்மை நடந்துவந்தது. மலபார் இறால் தொழிலைப் பற்றி 1930களில் எழுதிய என்.கே. பணிக்கர் இதை நன்கு அறிந்தவர். கொச்சி உப்பங்கழிக்குள் இறால் குஞ்சுகள் நுழைவதை எம்.ஜே. ஜார்ஜ் 1960களின் தொடக்கத்தில் ஆய்வுமுறையில் பதிவுசெய்தார். இறாலின் மிதவைப் பருவம் சில வாரங்களே. சிங்கி இறாலுக்கோ பல மாதங்கள். ஆகவே கழியில் செல்லும் அறிவைப் பெருங்கடலுக்கு நீட்டிப்பதில் தயக்கம் இருந்தது நியாயமே.

பெருங்கடலை நேரடியாகப் பார்க்கும் வாய்ப்பு 1959 முதல் 1965 வரை நடந்த சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தில் கிட்டியது. நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் பங்கேற்றன. அவை திரட்டிய மிதவை உயிரிகளைப் பிரித்து அடையாளம் காண, யுனெஸ்கோவின் ஆதரவோடு கொச்சியில் இந்தியப் பெருங்கடல் உயிரியல் மையம் அமைந்தது. வெவ்வேறு நாட்டுக் கப்பல்கள் தரும் மாதிரிகள் ஒப்பிடத்தக்கனவாக இருக்கவேண்டும் என்பதற்காக ஒரே அளவான வலை வடிவமைக்கப்பட்டது: வாய்ப்பரப்பு 1 சதுர மீட்டர், 200 மீட்டர் ஆழத்திலிருந்து நீர்மட்டம் வரை செங்குத்தாக இழுக்கப்படும். அந்த ஒழுங்கின் பயனாகவே இந்தியப் பெருங்கடலின் மிதவை உயிரிப் பரவல் வரைபடங்கள் உருவாயின. இந்திய இளம் ஆய்வாளர்களின் ஒரு முழுத் தலைமுறை அங்கே பயிற்சி பெற்றது. பணிக்கரே முதல் இயக்குநராக 1966இல் தேசியக் கடலியல் நிறுவனம் தோன்றியபோது கொச்சி மையம் அதன் அங்கமாயிற்று.

ஆனால் அந்த வலைக்கு ஒரு குருட்டுத்தன்மை இருந்தது. 200 மீட்டர் நீர்த்தூணில் இருந்த அனைத்தும் ஒரே புட்டியில் வந்து சேர்ந்தன. எந்த உயிரி 10 மீட்டரில் இருந்தது, எது 120 மீட்டரில் இருந்தது என்பது இழுத்த கணத்திலேயே கலைந்துவிட்டது. எங்கே என்ற கேள்விக்கு வரைபடம் விடை தந்தது. எந்த ஆழத்தில், எந்த வேளையில் என்ற கேள்வியை அந்த முறையால் கேட்கவே முடியாது. இது அமைப்பாளர்களின் கவனக்குறைவு அன்று. அவர்கள் வினவியது பெருங்கடலின் உயிர்வளம் எவ்வளவு என்பது; அதற்கு அந்த வலை பொருத்தமானதே. இளவுயிரி தானே திசை கொள்கிறதா என்று வினவியவர்களுக்குத்தான் அது உதவாது. நீரோட்டம் ஆழத்துக்கு ஆழம் வேறுபடும்போது, ஆழத்தை மாற்றிக்கொள்ளத் தெரிந்த உயிரி திசையையும் மாற்றிக்கொள்கிறது. நீந்தும் வலு தேவையில்லை; ஏறவும் இறங்கவும் தெரிந்தால் போதும்.

இதை ஐயமின்றி நிறுவியது இதே பெருங்கடலின் தென்கிழக்கு மூலை. மேற்கு ஆஸ்திரேலியாவின் சிங்கி இறாலான பனுலிரஸ் சிக்னஸின் இலையுடலிகள் 9 முதல் 11 மாதங்கள் வரை கடலில் வாழ்பவை. கரையிலிருந்து 1,500 கிலோமீட்டர் தொலைவு வரை காணப்பட்டவை. வெவ்வேறு ஆழங்களில் இரவும் பகலுமாக வலை இழுத்து, ரிம்மரும் புரூஸ் ஃபிலிப்ஸும் 1979இல் வெளியிட்ட முடிவு இது: இளம் இலையுடலிகள் இரவில் மேல்மட்டத்துக்கு வந்துவிடுகின்றன. கோடையில் அங்கே தெற்கிலிருந்து வீசும் காற்று, பூமியின் சுழற்சியால் மேல்நீரை மேற்கே, அதாவது கரைக்கு அப்பால் தள்ளும். குஞ்சுகள் அதில் ஏறிப் பெருங்கடலுக்குச் செல்கின்றன. முதிர்ந்த இலையுடலிகளோ மேல்மட்டத்தைத் தவிர்த்துக் கீழ் அடுக்குகளில் கூடுதல் நேரம் தங்குகின்றன. நிலவொளி மிகுந்த இரவில் மேலே வரவும் தயங்குகின்றன. அந்தக் கீழ் அடுக்கு நீர் கிழக்கே, கரையை நோக்கி நகர்வது. போகும்போது ஒரு வண்டி, வரும்போது வேறு வண்டி. கரைக்கு அருகே பியூருலஸாக மாறி மீதித் தொலைவை நீந்திக் கடக்கின்றன. கரையில் இறங்குவது பெரும்பாலும் அமாவாசையை ஒட்டிய இருண்ட இரவுகளில்.

ஃபிலிப்ஸ் இன்னொன்றும் செய்தார். கடற்பாசியைப் போன்ற செயற்கை இழைக் கற்றைகளை ஆழமற்ற நீரில் கட்டிவிட்டு, அவற்றில் எத்தனை பியூருலஸ்கள் வந்து ஒண்டுகின்றன என்று 1968 முதல் மாதந்தோறும் எண்ணும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். இந்த எளிய எண்ணிக்கையே மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பின் கிடைக்கும் பிடிப்பளவை முன்கூட்டிக் கூறும் கருவியாயிற்று. எண்ணிக்கை ஏன் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குகிறது என்பதற்குக் கடலியலர்கள் விடை தந்தனர். ஆஸ்திரேலியாவின் மேற்குக்கரையோரமாகத் தெற்கே பாயும் வெதுவெதுப்பான நீரோட்டத்துக்கு, 1622இல் அக்கரையைக் கண்ட டச்சுக் கப்பலின் நினைவாக, கிரெஸ்வெல்லும் கோல்டிங்கும் 1980இல் லூவின் நீரோட்டம் என்று பெயரிட்டனர். எல் நினோ ஆண்டுகளில் அது நலிகிறது, பியூருலஸ் வரவும் குறைகிறது என்று பியர்ஸும் ஃபிலிப்ஸும் 1988இல் காட்டினர். பசிபிக்கின் வெப்பநிலை மாற்றம் இந்தியப் பெருங்கடலின் ஒரு கரையில் இழைக் கற்றையில் எண்ணப்படும் குஞ்சுகளைத் தீர்மானித்தது. ஆயினும் இவ்வளவு அழகான விளக்கமும் 2008இல் இடறியது. நீரோட்டம் வலுவாக இருந்தும் குஞ்சுகளின் வரவு நாற்பதாண்டுப் பதிவில் காணாத அளவுக்குச் சரிந்தது. காரணம் தெளிவாகும்வரை அரசு காத்திருக்கவில்லை. அந்தக் குஞ்சுகள் பிடிக்கும் அளவுக்கு வளரும் முன்பே மீன்பிடி முயற்சியைப் பெருமளவு குறைத்தது, தாய்க்கூட்டம் காப்பாற்றப்பட்டது.

அட்லாண்டிக்கின் மறுகரையில் விவாதம் வேறு வடிவம் கொண்டிருந்தது. கரீபியன் கடலின் பனுலிரஸ் ஆர்கஸ் பல மாதங்கள் மிதப்பது. அக்கடலைச் சுற்றி இருப்பவையோ சிறிய நாடுகள் பல. எல்லாக் குஞ்சுகளும் ஒரே குளத்தில் கலக்கின்றன என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. அக்கருத்தின் நடைமுறை விளைவை ஊகிப்பது எளிது: பொதுக்குளத்தைக் காப்பது யாருடைய கடமையும் அன்று. 2011இல் மார்க் பட்லரும் உடன்பணியாளர்களும், ஆழம் மாறும் நடத்தையைக் கணினி மாதிரியில் சேர்த்தவுடன் பரவல் தொலைவு வெகுவாகச் சுருங்குவதைக் காட்டினர். 2013இல் வெளிவந்த தொடராய்வு, பஹாமாஸ், கியூபா போன்ற நாடுகளில் பிறப்பவற்றுள் கணிசமானவை அந்நாட்டுக் கடலுக்கே திரும்புகின்றன என்றும், வேறு சில நாடுகள் அண்டை நாடுகளின் குஞ்சுகளை நம்பியிருக்கின்றன என்றும் கணக்கிட்டது. குளம் ஒன்றல்ல, கொடுப்பவரும் பெறுபவரும் உள்ள ஒரு வலைப்பின்னல்.

இந்தியக் கரைகளுக்கு இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளில் எதுவும் அப்படியே பொருந்தாது. இங்கே நீரோட்டமே ஆண்டுக்கு இருமுறை திரும்பிக்கொள்கிறது. தேசியக் கடலியல் நிறுவனத்தின் சதீஷ் ஷெட்டியேயும் உடன்பணியாளர்களும் 1990களில் இதைத் துல்லியமாக வரைந்து காட்டினர். மேற்குக்கரை நீரோட்டம் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கே ஓடுகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடக்கே ஓடுகிறது. கிழக்குக்கரை நீரோட்டம் பிப்ரவரி முதல் மே வரை வடக்கே, அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கே. குளிர்காலத்தில் வங்கக்கடலின் உப்புக் குறைந்த நீர் இலங்கையைச் சுற்றிக்கொண்டு அரபிக்கடலின் தென்கிழக்கு மூலைக்குள் புகுகிறது. இந்த நீரோட்டங்கள் அவ்விடத்துக் காற்றால் மட்டும் இயங்குபவை அல்ல. வங்கக்கடலில் வீசும் காற்று எழுப்பும் அலைகள் கரையைப் பற்றிக்கொண்டே நகர்ந்து, முனையைச் சுற்றி மேற்குக்கரையின் நீரோட்டத்தையும் மாற்றுகின்றன. நம் கேள்விக்கு இன்னும் முக்கியமானது இது: தென்மேற்குப் பருவக்காற்றின்போது மேல்நீர் தெற்கே ஓட, கண்டத்திட்டு விளிம்பை ஒட்டிக் கீழே ஓர் அடிநீரோட்டம் வடக்கே ஓடுகிறது. குளிர்காலத்தில் மேலும் கீழும் திசை மாற்றிக்கொள்கின்றன.

ஆகவே ஒரே இடத்தில், ஒரே நாளில், மேலிருக்கும் இலையுடலி கன்னியாகுமரிப் பக்கமும் கீழிருக்கும் இலையுடலி கொங்கணப் பக்கமும் செல்லக்கூடும். 200 மீட்டரிலிருந்து செங்குத்தாக இழுத்த வலை இந்த இரு பயணிகளையும் ஒரே புட்டியில் போட்டுவிட்டது. சில மாதங்களுக்கு மேல் மிதக்கும் இனம் எதுவாயினும் நீரோட்டத்தின் திருப்பத்தைத் தன் வாழ்நாளிலேயே சந்திக்கும். அத்திருப்பம் அதைப் பிறந்த கரைக்கே கொண்டுவரவும் கூடும், வேறொரு கரையில் சேர்க்கவும் கூடும். எது நிகழும் என்பதைத் தாய் முட்டையைப் பொரிக்கும் மாதமும், குஞ்சு தங்கும் ஆழமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. மிதக்கும் காலத்தின் நீளமும் இனத்துக்கு இனம் மாறுவது. எனவே சிங்கி இறால் என்ற ஒற்றைச் சொல்லைக் கொண்டு ஒரு பொதுவிதி வகுப்பது, ராத்கேயும் வெஸ்ட்வுட்டும் செய்த பிழையைத் திரும்பச் செய்வதாகும்.

மும்பைக் கடலில் அந்தப் பிழைக்கு விலை கொடுக்கப்பட்டது. அங்கே இழுவைமடிகளில் கிடைத்துவந்த தட்டையுடல் மணற்சிங்கி, தீனஸ் ஓரியண்டாலிஸ் என்ற பெயரில் அறியப்பட்டது. 1970களின் இறுதியில் இதன் வணிகப் பிடிப்பு வளர்ந்தது. 1980களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சில நூறு டன்கள் வந்தன. 1994இல் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போயிற்று. இந்த வீழ்ச்சியை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் வி.டி. தேஷ்முக் 2001இல் ஆவணப்படுத்தினார். வேற்றுக்கரைக் குஞ்சுகள் வந்து நிரப்பும் என்ற எதிர்பார்ப்புக்கு இதைவிடக் கடுமையான சோதனை ஒன்றை எந்த ஆய்வாளரும் திட்டமிட்டிருக்க முடியாது: ஒரு கடற்பகுதியில் ஓரினம் முழுதும் அள்ளப்பட்டது, நீரோட்டம் வழக்கம்போல் ஓடிக்கொண்டுதான் இருந்தது, இடம் நிரம்பவில்லை.

2003இல் மத்திய வணிக அமைச்சகம் ஏற்றுமதிக்கான குறைந்தபட்ச எடையை அறிவித்தது: மணற்சிங்கிக்கு 150 கிராம், குஜராத்-மகாராஷ்டிரக் கடலின் சேற்றுச் சிங்கி இறாலுக்கு 300 கிராம், தென்கரைகளின் பனுலிரஸ் ஹோமாரஸுக்கு 200 கிராம், பனுலிரஸ் ஆர்னேட்டஸுக்கு 500 கிராம். எடை பார்க்கப்படுவது ஏற்றுமதிக்கூடத்துத் தராசில். இழுவைமடியிலிருந்து கொட்டும் தளத்தில் அல்ல. 2007இல் பர்ட்டனும் டேவியும் தீனஸ் பேரினத்தை ஐந்து இனங்களாகப் பிரித்தபின், இந்தியக் கரைகளில் பிடிபட்டுவந்தது தீனஸ் யுனிமாகுலேட்டஸ் என்று தெரியவந்தது. மும்பையில் அழிந்த மீன்பிடிப்பின் ஏடுகளில் இருந்த பெயர்கூட வேறொன்றினுடையது. அதன் இலையுடலி நான்கே நிலைகளைக் கடப்பது, முட்டையிலிருந்து கரைவாழ் குஞ்சாக ஏறக்குறைய ஒரு மாதமே எடுத்துக்கொள்வது, அதாவது தொலைதூரப் பயணத்துக்கு நேரமே இல்லாதது என்பதைச் சென்னையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தொட்டிகளில் வளர்த்துக் காட்டிய ஆண்டு 2004. மும்பைப் பிடிப்பு வற்றிப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன.